டபுள் கிளிக் செய்தாலே வைரஸா? நோட்பேடை ‘டீஃபால்ட்’ ஆக்கினால் தப்பிக்கலாம்! - எப்படி தெரியுமா?

‘இன்வாய்ஸ்’, ‘கூரியர் ரசீது’ என்ற பெயரில் மெயிலில் ஒரு ஃபைல் வருகிறது. ஏதோ பில் என நினைத்து டபுள் கிளிக் செய்கிறீர்கள். திரையில் எதுவும் தெரியவில்லை. ஆனால் பின்னணியில் வைரஸ் வேலையை ஆரம்பித்துவிடும். இந்த ஆபத்தைக் குறைக்க, விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கும் நோட்பேடே போதும். எப்படின்னு பார்க்கலாம்.

டீஃபால்ட் புரோகிராம் என்றால் என்ன?

ஒரு ஃபைலை டபுள் கிளிக் செய்தால் அதை எந்த ஆப் திறக்க வேண்டும் என்பதை, ஃபைல் பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின் வரும் எழுத்துகளை வைத்தே விண்டோஸ் முடிவு செய்யும். இதற்குப் பெயர் எக்ஸ்டென்ஷன். அந்த எக்ஸ்டென்ஷனுக்கு ஒதுக்கப்பட்ட ஆப் தான் டீஃபால்ட் புரோகிராம்.

சிக்கல் எங்கே?

.ஜேஎஸ், .விபிஎஸ் போன்றவை ஸ்கிரிப்ட் ஃபைல்கள். உள்ளே இருப்பது வெறும் எழுத்துதான். ஆனால் அவற்றை டபுள் கிளிக் செய்தால், ‘விண்டோஸ் ஸ்கிரிப்ட் ஹோஸ்ட்’ அந்த எழுத்துகளைக் கட்டளைகளாக எடுத்துக்கொண்டு அப்படியே செய்து முடித்துவிடும். டீஃபால்ட்டை நோட்பேடாக மாற்றிவிட்டால், அதே ஃபைல் படிக்கும் எழுத்தாக மட்டும் திறக்கும். கட்டளை எதுவும் ஓடாது.

உலகையே உலுக்கிய ‘ஐ லவ் யூ’

2000-ம் ஆண்டு மே மாதம் பிலிப்பைன்ஸில் இருந்து பரவிய ‘ஐ லவ் யூ’ வைரஸ் இந்த வழியில்தான் நுழைந்தது. காதல் கடிதம் போல வந்த ஃபைலின் பெயர் .டிஎக்ஸ்டி.விபிஎஸ் என முடிந்தது. கடைசி எக்ஸ்டென்ஷனை விண்டோஸ் மறைத்துவிட்டதால், சாதாரண டெக்ஸ்ட் ஃபைல் என்று நம்பி பலரும் திறந்தார்கள். உடனே போட்டோக்கள் அழிந்தன. அவுட்லுக்கில் இருந்த எல்லா முகவரிகளுக்கும் அதே மெயில் தானாகவே பறந்தது. பிரிட்டன் நாடாளுமன்றத்தின் மெயில் சேவையே நிறுத்தப்பட்டது.

ஸ்கிரிப்ட் ஃபைல்கள் இன்றும் ஆபத்தாகவே பார்க்கப்படுகின்றன. 2017 பிப்ரவரி முதல் .ஜேஎஸ் ஃபைலை அட்டாச் செய்ய ஜிமெயில் அனுமதிப்பதில்லை.

மாற்றுவது எப்படி?

1. முதலில் ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து, ‘வியூ’ பகுதியில் ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்பதை டிக் செய்யுங்கள். விண்டோஸ் 11-ல் இது ‘வியூ’வுக்குள் ‘ஷோ’ என்பதில் இருக்கும்.

2. நோட்பேடில் ‘வணக்கம்’ என்று டைப் செய்யுங்கள். ‘சேவ் ஆஸ்’ கொடுத்து, ஃபைல் வகையில் ‘ஆல் ஃபைல்ஸ்’ தேர்வு செய்து, ஏதாவது ஒரு பெயருடன் .ஜேஎஸ் என்பதை ஆங்கில எழுத்தில் சேர்த்து சேவ் செய்யுங்கள்.

3. அந்த ஃபைல் மீது ரைட் கிளிக் செய்து ‘ப்ராப்பர்ட்டீஸ்’ போங்க. ‘ஓபன்ஸ் வித்’ பக்கத்தில் உள்ள ‘சேஞ்ச்’ பட்டனை அழுத்தி, நோட்பேடைத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுங்கள்.

4. இப்போது அந்த ஃபைலை டபுள் கிளிக் செய்யுங்கள். ‘வணக்கம்’ என்று நோட்பேடில் தெரிந்தால் வேலை முடிந்தது.

இதேபோல .ஜேஎஸ்இ, .விபிஎஸ், .விபிஇ, .டபிள்யூஎஸ்எஃப், .ஹெச்டிஏ ஆகியவற்றுக்கும் செய்துவிடுங்கள். முக்கியமாக, இந்தச் சோதனைக்கு மெயிலில் வந்த ஃபைலைப் பயன்படுத்தாதீங்க.

இணையதளங்கள் ஓடுமா?

தாராளமாக ஓடும். இணையதளங்களில் உள்ள ஜாவாஸ்கிரிப்ட்டை பிரவுசரே இயக்கிக்கொள்ளும். இந்த மாற்றம் அதைத் தொடாது. ஆனால் ஆபீஸ் கம்ப்யூட்டர் என்றால் ஐடி பிரிவிடம் கேட்டுவிட்டு மாற்றுங்கள். சில நிறுவனங்கள் தங்கள் வேலைக்கே .விபிஎஸ் ஃபைல்களைப் பயன்படுத்துகின்றன.

இது மட்டும் போதுமா?

போதாது. .இஎக்ஸ்இ ஃபைல்களையோ, செல்போனுக்கு வரும் .ஏபிகே ஃபைல்களையோ இது தடுக்காது. ஆன்டிவைரஸும் அப்டேட்டும் கட்டாயம் வேண்டும். ஒருவேளை பணம் பறிபோனால், தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள்.