நோயும் மக்கள் குரலும்

மைசூர் நகரின் வடமேற்கே விஜயநகர் என்னும் குடியிருப்பு இருக்கிறது. அதன் அகன்ற வீதிகளையும் யோக நரசிம்மர் கோயிலையும் கண்டவர் எளிதில் மறவார். பிழைப்பை நாடியும் கல்வியை நாடியும் வந்த தமிழ்க் குடும்பங்களும் அங்கே வாழ்கின்றன. காற்றும் வெளிச்சமும் புகும்படி அளந்து மனை பிரித்து ஊரை விரிவாக்கும் முறை மைசூரில் வேரூன்றியதற்கு ஒரு கொள்ளைநோயும் காரணமாகும். அந்த நோயின் கதை, மக்களின் குரல் அரசாங்கத்தின் காதில் எவ்வாறு விழுந்தது என்பதையும் உடன் சொல்லுகின்ற கதையாகும்.

முதலில் 1881ஆம் ஆண்டுக்குச் செல்வோம். ஐம்பது ஆண்டு ஆங்கிலேயர் ஆட்சிக்குப் பின் மைசூர் மீண்டும் மன்னர் கைக்கு வந்த ஆண்டு அது. அப்போது திவானாக இருந்தவர் செங்கற்பட்டு மாவட்டத்தில் பிறந்த சி. வி. ரங்காசார்லு. அவ்வாண்டு அக்டோபரில், தசரா விழாவையொட்டி, தாலுகாக்களிலிருந்து 144 பேரை மைசூருக்கு அழைத்து ஒரு பிரதிநிதி சபையைக் கூட்டினார். திவான் ஆண்டறிக்கையைப் படிப்பார். உறுப்பினர்கள் தத்தம் ஊரின் குறைகளை எடுத்துரைப்பார்கள். சட்டம் இயற்றும் அதிகாரம் அச்சபைக்கு இல்லை. வந்தவர்களும் பெரும்பாலும் நிலக்கிழார்களும் வணிகர்களுமே. ஏழை உழவனுக்கும் பெண்களுக்கும் அங்கே இடமில்லை. ஆயினும், கிணறு வேண்டும், சாலை வேண்டும், மருந்தகம் வேண்டும் என்று குடிமகன் திவானின் முகத்தெதிரே நின்று கேட்கும் வழக்கம் அன்று பிறந்தது. பத்தாண்டு கழித்து, 1891இல், உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையும் வந்தது.

அந்த வழக்கத்திற்குப் பெருஞ்சோதனை 1898இல் நேர்ந்தது. பம்பாயில் பரவிய பிளேக் நோய் அவ்வாண்டு ஆகஸ்டில் பெங்களூரை எட்டி, விரைவில் மைசூரையும் பற்றிக்கொண்டது. அப்போது திவானாக இருந்தவர் பாலக்காட்டைச் சேர்ந்த சேஷாத்திரி ஐயர். பிளேக் கமிஷனராக நியமிக்கப்பட்டவர் கும்பகோணத்தில் பிறந்த வி. பி. மாதவராவ். நோயாளிகளைப் பிரித்து வைப்பது, வீடுகளைக் காலி செய்வித்து மக்களை ஊருக்கு வெளியே கொட்டகைகளில் குடியேற்றுவது, மருந்து தெளிப்பது ஆகியவை அக்காலத்துப் பிளேக் தடுப்பு முறைகள். நோக்கம் நன்று, முறைதான் மக்களை அஞ்சவைத்தது. தாயை மகனிடமிருந்து பிரிக்கிறார்கள், வீட்டுக்குள் அந்நியர் நுழைகிறார்கள் என்ற அச்சம் ஊரெங்கும் பரவியது. ஸ்ரீரங்கப்பட்டணத்தை அடுத்த கஞ்சாமில் அவ்வாண்டு கலகமே மூண்டது.

நோயை விரட்ட வந்தவர்களை மக்கள் எதிர்த்தது அறியாமையால்தான் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் தம்மைக் கேளாமல் தம் வீட்டில் நடப்பதை எந்தக் குடும்பந்தான் பொறுக்கும்? கட்டாயத்தால் நோய் வெளிப்படவில்லை, மறைக்கப்பட்டது. மறைத்த நோய் மேலும் பரவியது. இந்தியா முழுவதிலும் அரசாங்கங்கள் இதனை உணர்ந்து, சில ஆண்டுகளில் வன்முறையைத் தளர்த்தி மக்களின் இசைவை நாடத் தொடங்கின. நெருக்கமான சந்துகளும் சாக்கடைகளுமே நோயின் உறைவிடம் என்ற எண்ணமும் வலுத்தது. பம்பாயில் 1898இல் நகர அபிவிருத்தி டிரஸ்டு அமைந்தது. மைசூரில் 1903இல் அத்தகைய டிரஸ்டு போர்டு ஒன்று தோன்றி, அகன்ற சாலைகளையும் புதிய குடியிருப்புகளையும் வகுத்தது. 1988இல் அதன் பணியை நகர வளர்ச்சி ஆணையம் ஏற்றது. விஜயநகர் போன்ற குடியிருப்புகள் அந்த மரபின் வழி வந்தவையே.

பிற நாடுகளிலும் இவ்வாறு நிகழ்ந்ததுண்டு. இங்கிலாந்தில் 1848ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டப்படி, ஓர் ஊரில் வரி செலுத்துவோரில் பத்தில் ஒரு பங்கினர் மனுச் செய்தால், அங்கே சுகாதாரக் குழு அமைக்க நடவடிக்கை தொடங்கலாம். சாக்கடையைச் சீராக்குவதற்கும் கையொப்பம் திரட்ட வேண்டியிருந்தது என்பது கருதத்தக்கது.

மைசூரின் பிரதிநிதி சபை 1949இல் முடிவுற்றது. குடியரசில் வயது வந்தோர் அனைவரும் வாக்காளர் ஆயினர். எனினும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாக்களிப்பதால் மட்டும் ஊர் மருந்தகத்தில் மருத்துவர் இருப்பார் என்பதற்கு உறுதியில்லை. இதனை நன்கு உணர்ந்தவர் அந்நாளைய மைசூர் மாவட்டத்துக் குண்டலுப்பேட்டையில் பிறந்த அப்துல் நசீர் சாப். அவர் கர்நாடக அமைச்சராக இருந்தபோது, 1983ஆம் ஆண்டின் பஞ்சாயத்துச் சட்டம் நிறைவேறியது. 1987இல் தேர்தல் நடந்தது. இடங்களில் நான்கில் ஒரு பங்கு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. கிராமப்புறச் சுகாதார நிலையங்களின் பொறுப்பு மக்கள் தேர்ந்தெடுத்த மன்றங்களிடம் வந்தபின், ஊழியர் பணிக்கு ஒழுங்காக வருவது கூடியதாக ஆய்வாளர் எழுதியுள்ளனர். பொறுப்புக் கேட்பவர் தலைநகரில் இல்லாமல் பக்கத்துத் தெருவிலேயே இருந்தால் விளைவு வேறாகத்தானே இருக்கும்?

இதற்கு முன்பே, 1978இல், அல்மா ஆட்டாவில் கூடிய உலக மாநாடு, தம் மருத்துவ ஏற்பாடுகளைத் திட்டமிடுவதில் பங்கு கொள்வது மக்களின் உரிமையும் கடமையும் ஆகும் என்று அறிவித்திருந்தது. 1992இல் நிறைவேறிய 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம், பஞ்சாயத்துகளிடம் ஒப்படைக்கத்தக்க பொருள்களுள் ஆரம்பச் சுகாதார நிலையங்களையும் சேர்த்தது. 2005இல் தேசிய ஊரகச் சுகாதார இயக்கம் கிராமச் சுகாதாரக் குழுக்களை ஏற்படுத்தியது. மருத்துவப் பணிகளை மக்களே கண்காணிக்கும் முன்னோடித் திட்டம் 2007இல் ஒன்பது மாநிலங்களில் தொடங்கியபோது, கர்நாடகமும் தமிழ்நாடும் அவற்றுள் இடம்பெற்றன. பின்னர் மைசூர் மாவட்டத்தில் கிராம் என்னும் ஆய்வு அமைப்பு 'ஆரோக்கிய ஸ்ரேணி' என்ற முயற்சியை மேற்கொண்டது. சுகாதார நிலையக் குழுவின் உறுப்பினர்கள், தொலைபேசியில் ஒலிக்கும் கேள்விகளுக்கு விடையளிப்பார்கள். அவ்விடைகளைக் கொண்டு நிலையங்கள் தரவரிசைப்படுத்தப்படும். 1881இல் தசராவுக்குப் பயணம் செய்து திவானிடம் சொன்ன குறையை, இப்போது ஒரு கிராமத்துப் பெண் தன் வீட்டுத் திண்ணையிலிருந்தே சொல்ல முடிந்தது.

இக்குழுக்கள் எல்லா ஊரிலும் செவ்வனே நடக்கின்றன என்று சொல்வதற்கில்லை. பெயரளவில் நிற்பவையும் உண்டு. கூட்டம் கூடாத குழுவைப் பழிப்பதில் பயனில்லை. கூட்டச் செய்வதே குடிமக்களின் வேலை.

இங்கே நம்மவர்க்கு ஒரு தயக்கம் எழலாம். "நாம் வந்தேறிய ஊராயிற்றே, நம் பேச்சு எடுபடுமா?" என்பதே அது. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பதற்கு வயதும் குடியுரிமையும் வசிப்பிடமுமே அளவுகோல், தாய்மொழி அன்று. செங்கற்பட்டில் பிறந்தவர் கூட்டிய சபையில்தான் மைசூர் உழவரின் குறை முதன்முதல் ஒலித்தது. ஆகவே, வாழும் ஊரின் மொழியில் நாலு வாக்கியம் கற்றுக்கொண்டு, அண்டை வீட்டாரோடு சேர்ந்து பக்கத்துச் சுகாதார நிலையத்துக்கு ஒருமுறை சென்று வருவோம். மருந்து இருக்கிறதா, மருத்துவர் வரும் நேரம் எது, குழு எப்போது கூடுகிறது என்று கேட்போம். கிடைத்த விடையைக் குறித்துக்கொண்டு, அடுத்த மாதம் மீண்டும் சென்று கேட்போம்.