குண்டு வார்த்த கைகள்

காட்பாடியிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் இருப்புப்பாதையில் பாகாலா ஒரு சந்திப்பு நிலையம். தருமாவரம் நோக்கிச் செல்லும் பாதை இங்கேதான் பிரிகிறது. வடபுலத்தில் வாழும் தமிழன்பர்கள் பலர், திருமலையில் வழிபாடு முடித்துத் தம் ஊர்களுக்குத் திரும்பும் வழியில் இந்நிலையத்தைக் கண்டிருப்பர். பாறைக் குன்றுகளும் புதர்க்காடுகளும் ஏரிப் பாசன வயல்களும் சூழ்ந்த இந்நிலம், 1911இல் சித்தூர் மாவட்டம் அமைவதற்கு முன் வட ஆர்க்காட்டைச் சேர்ந்திருந்தது. 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் உள்ளது. இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் இது பாளையக்காரர்களின் நாடு. கல்லூர், புலிசெர்லா, பங்காரி முதலிய பாளையங்கள் இப்பகுதியில் விளங்கின. அக்காலத்தில் இங்கே துப்பாக்கிக் குண்டு எங்கிருந்து வந்தது என்று வினவினால் விடை எளிது. ஊர்க் கொல்லனின் உலையிலிருந்தோ, துப்பாக்கி உடையவனின் வீட்டு அடுப்பிலிருந்தோ வந்தது. இன்று உரிமம் இல்லாத ஒருவர் தம் இல்லத்தில் தோட்டா செய்ய முற்பட்டால் அவர் சிறை செல்ல நேரும். இவ்விரு நிலைகளுக்கும் இடையே நிகழ்ந்தது யாது என்பதை இங்கே காண்போம்.

முதலில் சொற்களை நோக்குவோம். 'துப்பாக்கி' என்பது துருக்கி மொழியிலிருந்து வந்த சொல். 'பீரங்கி' என்பது பரங்கியர் என்னும் பெயரோடு உறவுடையது. 'தோட்டா' வடநாட்டு வழக்கிலிருந்து வந்தது. தெலுங்கர் அதனைத் 'தூட்டா' என்பர். ஆனால் இக்கருவிக்கு உயிர் கொடுக்கும் பொருளுக்கு மட்டும் நம் மக்கள் 'மருந்து' என்று பெயரிட்டனர். நோய் தீர்ப்பதும் மருந்து, உயிர் போக்குவதும் மருந்து. இது நம் நாட்டார் மட்டும் கண்ட பெயர் அன்று. வெடிமருந்தை முதலிற் கண்ட சீனரும் அதனை 'நெருப்பு மருந்து' என்றே வழங்கினர். பாரசீகத்தில் மருந்தைக் குறிக்கும் 'தாரு' என்னும் சொல்லும் இந்துஸ்தானியில் வெடிமருந்தைக் குறித்தது. அளவோடு ஆளவேண்டிய பொருள் என்னும் எண்ணம் இப்பெயரிலேயே அடங்கியிருக்கிறது எனலாம்.

எறியப்படும் பொருளின் வரலாறு மருந்தினும் மிகப் பழையது. தினைப்புனம் காத்த மகளிர் கவணில் கல்லேற்றிக் கிளி ஓட்டியதைச் சங்க நூல்களிற் காண்கிறோம். கிரேக்கரும் உரோமரும் அக்கல்லுக்கு மாற்றாக ஈயத்தை வார்த்தனர். வாதுமைக் கொட்டை வடிவில் அமைந்த அவ்வீயக் குண்டுகளிற் சிலவற்றில், 'இதைப் பெற்றுக்கொள்' என்னும் பொருள்படும் சொல்லைப் பகைவனை நோக்கிப் பொறித்தும் வைத்தனர். ஈயத்தை அவர்கள் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அது கல்லினும் கனமானது. ஆகவே காற்றைக் கிழித்துக்கொண்டு நெடுந்தொலைவு செல்லும். 327 பாகை செல்சியஸ் வெப்பத்திலேயே உருகிவிடும். ஆகவே சாதாரண அடுப்பே போதும். மென்மையானது; ஆகவே குழலின் உட்புறத்தை எளிதில் தேய்க்காது. துப்பாக்கி தோன்றியபோது அதற்கு ஏற்ற உலோகம் முன்னரே ஆயத்தமாயிருந்தது.

தமிழில் ஈயம் என்னும் சொல் இரண்டு உலோகங்களுக்குப் பொது. காரீயம் ஒன்று, வெள்ளீயம் மற்றொன்று. நம் தாய்மார் இரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. பித்தளைப் பாத்திரத்திற்குப் பூசப்படுவதும் அதுவே. குண்டுக்கு உரியது காரீயம். காரீயம் தனித்திருப்பின் மிக மெத்தென்று இருக்கும் என்பதால், விரைந்து செல்லும் குண்டுகளுக்குச் சிறிது வெள்ளீயமோ அஞ்சனக்கல் எனப்படும் ஆன்டிமனியோ சேர்த்து இறுக்கம் தருவது பிற்கால வழக்கம். இவ்விரு ஈயங்களின் வேற்றுமையை நேயர்கள் நினைவிற் கொள்ளுதல் நன்று. இறுதியில் அதற்குத் தேவை ஏற்படும்.

பாளையக்காரர் காலத்து நாட்டுத் துப்பாக்கி வாய்வழியே கெட்டிக்கப்படுவது. குழலின் வாயில் மருந்தை இட்டு, நாரோ துணியோ வைத்து, இருப்புக் கோலால் இடித்து, அதன்மேல் குண்டையோ ரவையையோ போட்டு, மீண்டும் இடிப்பர். மருந்தின் பெரும்பகுதி வெடியுப்பு. எஞ்சியவை கரியும் கந்தகமும். குண்டு வார்ப்பதற்கு இடுக்கி போன்ற இரட்டை அச்சு ஒன்று போதும். ஆகவே துப்பாக்கி வைத்திருந்தவன், கந்தகமும் ஈயமும் சந்தையில் கிடைக்கும்வரை, பிறர் கையை எதிர்பார்க்க வேண்டியதில்லை. ஒவ்வொரு சிற்றூரும் ஒரு சிறிய படைக்கலச் சாலையாக விளங்கக்கூடும் என்பது இதன் பொருள். பாளையங்களின் வலிமையும் இதுவே. கும்பினியாரின் அச்சமும் இதுவே.

மருந்தும் குண்டும் போரின் முடிவையே மாற்றவல்லவை என்பதைத் தொண்டை நாடு 1780 செப்டம்பர் 10ஆம் நாளிற் கண்டது. காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் கும்பினிப் படையை ஐதர் அலியும் அவர் மகன் திப்புவும் சூழ்ந்தனர். போரின் நடுவே பெய்லியின் மருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன. மருந்து போனபின் படை நிற்க இயலவில்லை; பெய்லி சரணடைந்தார். சீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் அவ்வண்டி வெடிக்கும் காட்சியை இன்றும் காணலாம். ஐதர் அலி 1782 டிசம்பரில் உயிர் நீத்ததும் சித்தூருக்கு அருகே அமைந்த பாசறையிலேதான்.

வென்றவர் இப்பாடத்தை மறக்கவில்லை. 1801 டிசம்பர் 1ஆம் நாள், மருது சகோதரர்களின் எழுச்சி ஒடுக்கப்பட்டபின், சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் தென்பாளையங்களில் படைக்கலம் ஏந்துவதைத் தடுத்து அறிக்கை வெளியிட்டார். அதே ஆண்டில் கருநாடகம் முழுவதும் கும்பினியின் ஆட்சிக்கு வந்தது. சித்தூர்ப் பாளையக்காரர்கள் புதிய ஆட்சியின் வரியையும் கட்டளையையும் எளிதில் ஏற்றிலர். 1804ஆம் ஆண்டளவில் அவர்கள் கிளர்ந்தபோது, கும்பினிப் படை இக்குன்றுகளுக்குள் வந்து அவர்களை அடக்கியது. கோட்டைகளும் காவற்படைகளும் ஒழிந்தன. ஆயினும் உழவர் இல்லங்களிலும் வேட்டுவர் குடிசைகளிலும் நாட்டுத் துப்பாக்கி தங்கியது. அடுப்பில் ஈயம் உருகுவதும் நிற்கவில்லை.

இதற்கிடையே மேல்நாட்டில் குண்டு வேகமாக மாறிக்கொண்டிருந்தது. 1782இல் பிரிஸ்டல் நகரத்து வில்லியம் வாட்ஸ் என்பார், உருகிய ஈயத்தைச் சல்லடை வழியே உயரத்திலிருந்து நீரில் விழச் செய்தால், அது வீழும்போதே உருண்டையாகித் திரளும் என்று கண்டு காப்புரிமை பெற்றார். ரவை செய்யும் கோபுரங்கள் இவ்வாறு தோன்றின. 1840களின் இறுதியில் பிரெஞ்சுப் படைத்தலைவர் மினியே, அடியில் குழிவுடைய நீள்குண்டை அமைத்தார். சுடும்போது அக்குழிவு விரிந்து குழலின் வரிகளைப் பற்றிக்கொள்ளும்; குண்டு சுழன்று நேரே செல்லும். இம்முறையில் அமைந்ததே என்பீல்டுத் துப்பாக்கி. அதற்குரிய மருந்தும் குண்டும் கொழுப்புத் தடவிய காகிதத் தோட்டாவில் வந்தன; சிப்பாய் அதனைப் பல்லால் கடித்துத் திறக்க வேண்டும். அக்கொழுப்புப் பசுவினுடையது, பன்றியினுடையது என்னும் செய்தி 1857இல் மூட்டிய தீயை நாம் அறிவோம். தன் தோட்டாவைத் தானே செய்த காலத்தில், அதில் என்ன கலந்துள்ளது என்னும் ஐயம் ஒருவனுக்கு எழ வழியில்லை. பிறர் செய்த தோட்டாவை வாயில் வைக்கும் காலம் வந்தபோதுதான் அந்த ஐயம் பிறந்தது.

1860களில் பித்தளைக் கூடு வந்தது. இங்கிலாந்தில் பாக்சர் என்பாரும் அமெரிக்காவில் பெர்டான் என்பாரும், அடியில் சிறிய தீக்கேப்பு பொருத்திய தோட்டாக்களை ஏறத்தாழ ஒரே காலத்தில் அமைத்தனர். பாக்சரின் முறையில் கேப்பிலிருந்து மருந்துக்கு நெருப்புச் செல்ல நடுவில் ஒரு துளை உண்டு. அதன் வழியே கம்பி செலுத்திப் பழைய கேப்பை எளிதில் அகற்றலாம். பெர்டான் முறையில் துளைகள் சிறியனவாய்ப் பக்கங்களில் அமைவதால் அது கடினம். ஆங்கிலேயரான பாக்சரின் முறை அமெரிக்காவில் நிலைத்தது. அமெரிக்கரான பெர்டானின் முறை ஐரோப்பாவில் பரவியது. இச்சிறு துளையின் விளைவு பெரிது. தோட்டாவில் விலை மிகுந்த உறுப்பு பித்தளைக் கூடே. சுட்டபின் அது சற்று விரியும். அதனை மீண்டும் அளவுக்குக் கொணர்ந்து, புதிய கேப்பும் மருந்தும் குண்டும் இட்டால் மறுமுறை பயன்படும். 1870களில் அமெரிக்கச் சமவெளியில் காட்டெருமை வேட்டையாடியோர் தம் பாசறைகளிலேயே இவ்வாறு செய்தனர். 1884இல் ஜான் பார்லோ என்பார் இதற்கான கைக்கருவிகளை விற்க ஒரு நிறுவனம் தொடங்கினார். வேட்டுவரின் சிக்கனம் அங்கே இன்று பலருடைய பொழுதுபோக்குக் கலையாக வளர்ந்துள்ளது. ஒரே அளவான தோட்டாக்களைப் பொறுமையாகச் செய்து, இலக்கை நுட்பமாக அடிப்பதே அதன் இன்பம். மருந்து சிறிது மிகுந்தாலும் துப்பாக்கியே வெடித்துச் சுடுபவரைக் காயப்படுத்தும் என்பதால், அச்சிட்ட அளவுக் குறிப்புகளைப் பிறழாது பின்பற்றுவது அவர்களுக்கு முதல் விதி.

நம் நாட்டில் வரலாறு வேறு வழியிற் சென்றது. 1869இல் பூனாவை அடுத்த கட்கியில் தோட்டாத் தொழிற்சாலை எழுந்தது. 1903இல் நீலகிரியின் அரவங்காட்டில், புகையற்ற மருந்தாகிய கார்டைட்டைச் செய்யும் தொழிற்சாலை நிறுவப்பட்டது. அரசு தோட்டா செய்யும் தொழிலைத் தன் கையிற் கொண்டதுபோலவே, மக்கள் கையிலிருந்து அதனை நீக்கவும் முனைந்தது. லிட்டன் பிரபுவின் ஆட்சியில் வந்த 1878ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம், துப்பாக்கிக்கும் மருந்துக்கும் உரிமம் வேண்டும் என்றது. ஈயம், கந்தகம், வெடியுப்பு ஆகியவற்றையும் படைப் பொருள்களாகக் கருதிக் கட்டுப்படுத்த அரசுக்கு அதிகாரம் அளித்தது. ஐரோப்பியருக்கு விலக்கு இருந்தது. துப்பாக்கியைப் பறிப்பதினும் அதன் உணவைக் கட்டுப்படுத்துவது திண்மையான வழி என்பதை ஆட்சியினர் நன்கு உணர்ந்திருந்தனர். இதனால் எழுந்த மனக்குறை சிறிதன்று. 1930இல் காந்தியடிகள் இர்வின் பிரபுவின் அரசுக்கு முன் வைத்த பதினொரு கோரிக்கைகளில் உப்பு வரி நீக்கம் ஒன்று. தற்காப்புக்குத் துப்பாக்கி உரிமம் வழங்குதல் மற்றொன்று. அகிம்சையின் தலைவரே இதனைக் கேட்டார் என்பது சிந்திக்கத்தக்கது. மக்களை நம்பாத சட்டம் மக்களைச் சிறுமைப்படுத்துகிறது என்பதே அக்கோரிக்கையின் உட்பொருள் எனலாம்.

விடுதலைக்குப்பின் நம் நாடாளுமன்றம் இயற்றிய 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் 1962இல் நடைமுறைக்கு வந்தது. உழவன் பயிர்க் காவலுக்காக வாய்வழிக் கெட்டிக்கும் துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமம் பெறுவதற்கு அதில் இடம் உண்டு. பாளையக்காரர் காலத்துக் கருவி சட்டப் புத்தகத்தில் இன்றும் உயிரோடிருப்பது வியப்பே. ஆயினும் உரிமமின்றித் தோட்டா செய்வது அச்சட்டத்தின்படி கடுங்குற்றம். தோட்டாவின் உறுப்புகளும் அதனைச் செய்யும் பொறிகளும்கூட அதன் வரம்புக்குள் அடங்கும். பிற நாடுகளில் கண்ட பொழுதுபோக்கை இங்கே வீட்டில் தொடங்க எண்ணுவோர் இதனை முதலில் அறிதல் வேண்டும்.

பழைய சட்டமும் புதிய சட்டமும் ஒரே தடையைச் சொல்வனபோல் தோன்றலாம். முன்னது ஆள்வோர் ஆளப்படுவோரை அஞ்சியதால் வந்தது. பின்னது நாமே நமக்கு இட்டுக்கொண்ட வரம்பு. பாகாலாவுக்கு வடக்கே உள்ள காடே இதன் தேவையை உணர்த்தும். அங்குள்ள சாமலைப் பள்ளத்தாக்கில் திரிந்த ஆட்கொல்லிப் புலி ஒன்றைப் பற்றிப் பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன் 1954இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். வேங்கை மனிதனைக் கொல்லத் தொடங்குவதற்குப் பெரும்பாலும் பழைய காயமே காரணம் என்று ஜிம் கார்பெட் 1944இல் எழுதிய நூல் கூறுகிறது. முள்ளம்பன்றியின் முள்ளால் வந்த காயமும் உண்டு. சரியாகக் கொல்லாத துப்பாக்கிக் குண்டால் வந்த காயமும் உண்டு. அளவு பிழைத்த ஒரு குண்டுக்கு, அதனை வார்த்தவனும் சுட்டவனும் அறியாத ஏதோ ஒரு சிற்றூர் விலை கொடுக்க நேரும். 1972இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை ஒழித்தது. 1989இல் அக்காட்டின் பெரும்பகுதி ஸ்ரீவேங்கடேசுவரா தேசியப் பூங்கா ஆயிற்று. இம்மாற்றத்தின் சுமை நரிக்குறவர் போன்ற எளிய மக்கள்மீது மிகுதியாக விழுந்தது. நாட்டுத் துப்பாக்கியும் கைவார்ப்பு ரவையும் அவர்களுடைய பிழைப்பாக இருந்தன. வேட்டை போனபின் ஊசியும் பாசிமணியும் விற்று வாழ்ந்த அவர்களைத் தமிழ்நாட்டுப் பழங்குடியினர் பட்டியலிற் சேர்க்கும் சட்டத் திருத்தத்தை நாடாளுமன்றம் 2022இல்தான் நிறைவேற்றியது.

இனி, முன்னர்ச் சொன்ன இரண்டு ஈயங்களுக்கு வருவோம். வெள்ளீயம் சமையலறைக்கு உரியது, காரீயம் நஞ்சு. அதன் தூசியும் ஆவியும் உடலிற் புகுந்தால் எளிதில் வெளியேறா. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் குன்றச் செய்யும். முற்காலத்தில் அடுப்படியில் குண்டு வார்த்த குடும்பங்கள் இதனை அறிந்திருக்க மாட்டா. ஈயக் குண்டு பட்டு இறந்த விலங்கை உண்ணும் கழுகுகளும் மடிகின்றன என்று கண்டதால், கலிபோர்னியா மாநிலம் 2019 முதல் வேட்டைக்கு ஈயக் குண்டுகளை முற்றிலும் தடுத்துள்ளது. பிற மாநிலங்களில் வாழும் நம் இல்லத்தரசியர் ஈயச்சொம்பு வாங்கும்போதும் அது காரீயம் கலவாத தூய வெள்ளீயந்தானா என்று நம்பத்தக்க கடையில் கேட்டு வாங்குதல் வேண்டும்.

குறிபார்த்துச் சுடும் கலையில் விருப்பமுள்ள இளைஞர்க்கு வாயில் மூடிவிடவில்லை. சென்னையிற் பிறந்த ககன் நாரங் 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றது காற்றுத் துப்பாக்கியால். அதில் மருந்தே இல்லை. முறையான சங்கத்தில் சேர்ந்து, தேர்ந்த ஆசிரியரிடம் அதனைப் பயிலலாம். பொறுமை, அளவு, மூச்சின் அடக்கம் ஆகிய மூன்றையும் அது கற்பிக்கும். பாளையத்துக் கொல்லன் உருகிய ஈயத்தை அச்சில் ஊற்றியபோதும் அவனுக்கு வேண்டியிருந்தவை இம்மூன்றுமே.