சைக்கிளோடு பினாங்கு தீவுக்குப் போக முடியுமா? பெர்ரி, ரயில், ஒரு நாள் பயணம்

மாக் மண்டினில் இருப்பவர்களுக்குப் பினாங்கு தீவு ரொம்பப் பக்கம். நடுவில் இருப்பது சுமார் 3 கிலோமீட்டர் கடல்தான். காரில் போகலாம், மோட்டாரில் போகலாம், பஸ்ஸிலும் போகலாம். சைக்கிளில்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்களும் ஒரு நண்பரும் சைக்கிளில் கிளம்புறீங்கன்னு வைத்துக்கொள்வோம். எந்த வழியில் போவது, எதில் ஏற்றலாம், எதில் முடியாது? வரிசையாகப் பார்ப்போம்.

பாலத்தில் போக முடியாதா?

முடியாது. முதல் பினாங்கு பாலம் 1985-லும், இரண்டாவது பாலம் 2014-லும் திறக்கப்பட்டன. இரண்டிலும் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி உண்டு. சாதாரண நாட்களில் சைக்கிளுக்குக் கிடையாது. முதல் பாலத்தின் நீளம் 13.5 கிலோமீட்டர். அதில் 8.4 கிலோமீட்டர் கடலுக்கு மேலே. இரண்டாவது பாலம் 24 கிலோமீட்டர். காற்றும் வேகமான வாகனங்களும் உள்ள அந்தச் சாலையில் விதியை மீறி மிதிப்பது உயிரோடு விளையாடுவது.

ஆக, சைக்கிளை மிதித்துக்கொண்டு வருகிறவருக்கு மீதி இருப்பது பெர்ரி மட்டும்தான்.

பெர்ரியில் சைக்கிளை ஏற்றுவாங்களா?

ஏற்றுவாங்க. பட்டர்வொர்த்தில் சுல்தான் அப்துல் ஹாலிம் முனையத்தில் ஏறினால், அக்கரையில் வெல்ட் கீ பகுதியில் இருக்கும் ராஜா துன் ஊடா முனையத்தில் இறங்கலாம். மோட்டார் சைக்கிள்களோடு சேர்ந்து கீழ்த்தளத்தில் சைக்கிளை நிறுத்த வேண்டும். பதினைந்து நிமிடத்துக்குள் கரை வந்துவிடும்.

பழைய இரட்டை அடுக்கு பெர்ரிகளில் கார்களை ஏற்றுவது 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு நின்றது. 2023 ஆகஸ்டில் நான்கு புதிய பெர்ரிகள் வந்தன. ஒவ்வொன்றிலும் 250 பயணிகளும் 50 மோட்டார் சைக்கிள்களும் போகலாம், கார்களுக்கு இடமில்லை. கார்க்காரர்களுக்கு அதனால் பெரிய சிரமம் இல்லை, அவர்களுக்கு இரண்டு பாலங்கள் இருக்கின்றன. சைக்கிள்காரர்களுக்கு நிலைமை வேறு. சுற்றுலாப் பயணிக்குப் பெர்ரி ஒரு பழைய ஞாபகம். உங்களுக்கு அதுதான் சாலை.

காலை: தீவில் என்ன பார்க்கலாம்?

மாக் மண்டினில் இருந்து பெர்ரி முனையம் ஏறக்குறைய 5 கிலோமீட்டர். மெதுவாக மிதித்தாலும் அரை மணி நேரம்தான். விடிந்ததும் கிளம்பினால் வெயிலுக்கு முன்பே அக்கரையில் இருப்பீங்க.

இறங்கியதும் மணிக்கூண்டு வைத்த ஒரு பழைய கட்டடத்தைத் தேடிப் பாருங்கள். இன்று அது சுங்கத்துறையின் விஸ்மா கஸ்தாம். 1907-ல் கட்டப்பட்டபோது அது ரயில் நிலையம்! தண்டவாளமே இல்லாத ரயில் நிலையம். அங்கே டிக்கெட் வாங்கிய பயணிகள் படகில் கடலைத் தாண்டி, பிறையில் ரயில் ஏறினார்கள். ரயில் முனையம் பட்டர்வொர்த்துக்கு மாறியது 1967-ல்தான். படகையும் ரயிலையும் சேர்த்துப் பயணம் செய்வது நாம் கண்டுபிடித்த புதுசு இல்லை, இந்த ஊரின் பழைய வழக்கம்.

பிறகு லிட்டில் இந்தியாவில் பசியாறிவிட்டு, குயின் ஸ்திரீட்டில் 1833-ஆம் ஆண்டு முதல் இருக்கும் மகா மாரியம்மன் கோயிலைப் பார்க்கலாம். ஆர்மீனியன் ஸ்திரீட்டில் சுவரோடு பொருத்திய நிஜ சைக்கிளில் இரண்டு குழந்தைகள் போகிற மாதிரி ஒரு ஓவியம் உண்டு. 2012-ல் எர்னஸ்ட் ஸக்கரேவிச் வரைந்தது. படம் எடுக்க வரிசை நிற்கும், பொறுமை வேண்டும்.

மதியம்: ரயிலில் எங்கே?

வெயில் ஏறுவதற்குள் பெர்ரியில் திரும்பிவிடுங்கள். பெர்ரி முனையம், பஸ் நிலையம், ரயில் நிலையம் மூன்றும் பினாங்கு சென்ட்ரல் பகுதியில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. அங்கே கொமியூட்டர் ரயில் ஏறி நிபோங் திபாலில் இறங்கலாம்.

19-ஆம் நூற்றாண்டில் இந்தப் பக்கம் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. தமிழகத்தில் இருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் அவற்றில் உழைத்தார்கள். உங்கள் பாட்டன் பூட்டன் கதை இங்கே தொடங்கியிருக்கலாம், வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

நிபோங் திபாலில் இருந்து பாரிட் புந்தார் ஏழு கிலோமீட்டருக்குள்தான். பினாங்கு, கெடா, பேராக் மூன்று மாநிலங்களும் இந்தப் பக்கத்தில்தான் சந்திக்கின்றன. கிரியான் ஆற்றைத் தாண்டினால் பேராக். 1906-ல் முடிந்த கிரியான் பாசனத் திட்டத்தின் வயல்வெளி அங்கே தொடங்குகிறது. மேடு பள்ளம் இல்லாத தரை, புதிதாக ஓட்டுகிறவர்களுக்கும் கால் வலிக்காது. பாரிட் புந்தாரிலேயே ரயில் ஏறித் திரும்பலாம்.

ரயிலில் எந்தச் சைக்கிள்?

மடிப்புச் சைக்கிள்தான் நல்லது. மடித்து உறையில் போட்டால் அது ஒரு பெரிய பை மாதிரி. மடிக்க முடியாத சைக்கிள் என்றால், அந்த நாளில் அந்த ரயிலில் ஏற்றலாமா என்று முந்தின நாளே நிலையக் கவுண்டரில் கேளுங்கள். டிக்கெட் வாங்கிய பிறகு கேட்காதீங்க.

ஏன் இந்த வரிசை?

தீவு முதலில், ரயில் பிறகு. இதற்குக் காரணம் உண்டு. கடைசிப் பெர்ரியைத் தவறவிட்டால் நீங்கள் வேறு வழியில் வீட்டுக்கு வந்துவிடலாம். சைக்கிள் வராது, அது தீவிலேயே நிற்கும். மதியத்துக்குள் பட்டர்வொர்த் பக்கம் வந்துவிட்டால் அந்தக் கவலை இல்லை. ரயில் போய்விட்டாலும் வீட்டுக்கு வரச் சாலை இருக்கிறது.

அதனால் கிளம்பும் முன்பே திரும்பும் பெர்ரி, ரயில் நேரங்களைப் பார்த்து, இரண்டு பேர் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

நண்பர் எதற்கு?

ஒருவர் டிக்கெட் வாங்கும்போது இன்னொருவர் சைக்கிளைப் பார்த்துக்கொள்ளலாம். பஞ்சர் ஆனால் ஒருவர் டியூப் மாற்ற, மற்றவர் சாலையோரம் நின்று வண்டிகளைக் கவனிக்கலாம். ஆளுக்கு ஒரு டியூப், ஒன்றரை லிட்டர் தண்ணீர், தலைக்கவசம், முன்னும் பின்னும் விளக்கு. இருவரில் யாருக்கு மூச்சு சீக்கிரம் வாங்குதோ, அவர் வேகம்தான் அன்றைய வேகம்.