உர மானியம்: பதிவேட்டில் யார், வயலில் யார்?

கிளிநொச்சியில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் மூன்று ஏக்கர் வயலைக் குத்தகைக்குச் செய்கிறார். கணவர் இறுதி யுத்தத்தில் காணாமற்போனவர். காணிக்காரர் கனடாவில். காலபோக உர மானியம் கிடைத்ததா என்று கேட்டேன். "வந்தது தங்கச்சி, காணிக்காரரின்ர தமையன்ர வங்கிப் புத்தகத்துக்கு" என்றார்.

வயலில் இறங்காதவருக்கு அந்தப் பணம் எப்படிப் போனது என்று விசாரிக்கப் போய்த்தான் இதை எழுதுகிறேன்.

இலங்கையில் உர மானியம் 1962 இல் தொடங்கியது. யுத்த காலத்தில் யூரியா வன்னிக்குள் வருவதே தடை என்பதால் எங்களுக்கு அது ஊர்க்கதை மாதிரி. 50 கிலோ மூட்டையை 350 ரூபாய்க்குக் கொடுக்கும் திட்டம் 2005 இல் வந்தது. அடுத்த வருடமே ஏ9 பாதை மூடப்பட்டது. 2016 இல் மூட்டைக்குப் பதில் பணம், 2018 இல் மறுபடி மூட்டை, விலை 500 ரூபாய். 2021 இல் இரசாயன உரத்துக்கே தடை. அந்தப் போகத்தில் வெளிறிப்போன பயிரை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

இப்போது திரும்பவும் பணம்தான். நெற்செய்கைக்கு ஹெக்டேயருக்கு 15,000 ரூபாயாக இருந்தது 2024/25 காலபோகத்தில் 25,000 ஆக உயர்ந்தது. இரண்டு ஹெக்டேயர், அதாவது ஏறத்தாழ ஐந்து ஏக்கர் வரைதான். அக்காவின் மூன்று ஏக்கருக்குக் கணக்குப் பார்த்தால் 30,000 ரூபாய்க்குச் சற்று மேல்.

மூட்டை வந்த காலத்தில் யார் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்று ஊருக்கே தெரியும். பணம் சத்தமில்லாமல் கணக்குக்குப் போகிறது. எந்தக் கணக்கு என்பதைக் கமநல சேவை நிலையத்திலுள்ள பதிவுதான் தீர்மானிக்கிறது. 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி விவசாயக் காணிகளுக்கு ஒரு பதிவேடு உண்டு. உரிமையாளரின் பெயரோடு செய்கை பண்ணுகிறவரின் பெயரும் அதில் இருக்க வேண்டும்.

அப்படியானால் ஏன் எழுதுவதில்லை? காணிக்காரரின் பயம்தான். 1958 இன் நெற்காணிச் சட்டத்திலிருந்தே பதிவுள்ள குத்தகைக் கமக்காரரை நினைத்தபடி எழுப்ப முடியாது. பெயர் ஏறினால் காணி போய்விடும் என்று வெளிநாட்டிலிருப்பவர்கள் நினைக்கிறார்கள். அதனால் குத்தகை வாய்ப்பேச்சோடு நிற்கிறது. அவர்களையும் முழுக்கக் குறை சொல்ல மனம் வரவில்லை. காணியை ஒருமுறை இழந்து மீட்ட சனம்.

ஆனால் விதைப்பு, உரம், கூலி, வெள்ளம் எல்லாம் செய்கிறவர் தலையில். பெயர் இல்லாவிட்டால் மானியம் மட்டுமல்ல, பயிர் அழிந்தால் நட்டஈடு கேட்கவும் கையில் ஆதாரமில்லை.

குத்தகைக்குச் செய்பவர்கள் விதைப்புக்கு முன்னரே கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் விடயத்தை எடுப்பது நல்லது. விதைத்த பிறகு கேட்டால் "அடுத்த போகம் பார்ப்போம்" என்பார்கள். இந்தப் போகத்துக்கு மட்டும் இன்னார் செய்கிறார் என்று காணிக்காரரிடம் கடிதம் வாங்கி, பிரதி ஒன்றை வைத்திருங்கள். ஏக்கர் வரி நீங்கள் கட்டினால் பற்றுச்சீட்டை எறியாதீர்கள்.

அக்காவிடம் பற்றுச்சீட்டுகள் இருக்கின்றன, ஒரு பிஸ்கட் டின்னுக்குள். எல்லாம் காணிக்காரர் பெயரில். கடிதம் கேட்டிருக்கிறார். தம்பியிடம் கதைத்துவிட்டுச் சொல்வதாகத் தமையன் சொல்லி இரண்டு கிழமையாகிறது.