மூடிய கதவும் காத்திருக்கும் வாசகரும்

‘சீரமைப்புப் பணிகளை முன்னிட்டு நூலகம் தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது.’ பல்கலைக்கழகம் ஒன்றின் நூலக வாயிலில் இப்படி ஓர் அறிவிப்புத் தொங்குமாயின், அவ்வழியே செல்வோர் அதனை ஒருமுறை படித்துவிட்டு நடந்துவிடுவர். ஆனால் பல்லடத்திலிருந்தோ கோபியிலிருந்தோ பேருந்தேறிக் கோவைக்கு வரும் ஆய்வு மாணவிக்கு அது அத்துணை எளிய செய்தியன்று. அவளது உதவித்தொகைக்குக் காலவரையறை உண்டு. வீட்டில் நூல்கள் இல்லை. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற்றவள் அவளே. கட்டடத்தின் வாழ்நாளில் ஈராண்டு என்பது சிறு காலம். அவளுக்கோ அது ஆய்வுக் காலத்தின் பெரும்பகுதி. நூலகத்தைச் சீரமைப்பதற்காக மூடுவோர் அவளுக்கு எவ்வகையில் கடமைப்பட்டுள்ளனர் என்பதை வரலாற்றின் துணைகொண்டு சற்றே சிந்திப்போம்.

கணித ஆசிரியராயிருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன். 1931-இல் அவர் நூலகவியலுக்கு வகுத்தளித்த ஐந்து விதிகள் இன்று உலகெங்கும் கற்பிக்கப்படுகின்றன. அவற்றுள் நான்காவது, வாசகரின் காலத்தைச் சேமிக்க வேண்டும் என்பது. ஐந்தாவது, நூலகம் வளர்கின்ற ஓர் உயிர் என்பது. வளரும் உயிருக்குப் புதிய இடம் வேண்டும். அரங்கநாதனின் நூலகமே 1936-இல் சென்னைக் கடற்கரையை ஒட்டிய தன் கட்டடத்திற்குக் குடிபுகுந்தது. ஆயின் இவ்விரு விதிகளும் சில வேளைகளில் ஒன்றோடொன்று மோதுகின்றன. வளர்வதற்காகக் கதவை மூடினால் வாசகரின் காலம் வீணாகிறது. அவரது காலத்தைக் காப்பதற்காகத் திருப்பணியைத் தள்ளிப்போட்டால் கூரை ஒழுகுகிறது, தளம் வலுவிழக்கிறது.

இச்சிக்கலுக்குக் கொங்கு உழவர் அறிந்த தீர்வு ஒன்றுண்டு. கிணற்றைத் தூர் வாராமல் விட்டால் ஊற்றுக்கண் அடைபடும். ஆகவே கோடையில் நீர் இறங்கிய நேரம் பார்த்துத் தூர் வாருவர். அதற்குமுன் பக்கத்துத் தோட்டத்தாரிடம் சொல்லி ஆடுமாடுகளின் தண்ணீருக்கு வழிசெய்துகொள்வர். வேலை முடியும் நாளையும் ஆட்களோடு பேசி வைத்துக்கொள்வர். இந்த எளிய முன்னேற்பாட்டை மறந்த நூலகங்களும் உண்டு, மறவாத நூலகங்களும் உண்டு.

இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழக நூலகத்தின் வரலாற்றில் இவ்விரண்டையும் காணலாம். குளோஸ்டர் கோமகன் ஹம்ப்ரி வழங்கிய 280-க்கும் மேற்பட்ட கையெழுத்துப் படிகளை வைக்க எழுப்பப்பட்ட அந்நூலகம் 1488-இல் திறக்கப்பட்டது. சமயச் சீர்திருத்தம் சூறாவளியாய் வீசிய 1550-இல், பழைய சமயத்தின் சாயல் படிந்தவை என்று கருதிய நூல்கள் அங்கிருந்து அகற்றப்பட்டன. சில ஆண்டுகளில் நூல்தாங்கிப் பலகைகளும் விற்கப்பட்டன. நூல்கள் எங்கே போயின என்று கணக்கு வைப்பாரில்லை. மீண்டும் திறப்போம் என்று வாக்களிப்பாரும் இல்லை. அரைநூற்றாண்டு கழித்துத் தாமஸ் போட்லி என்பவர் தம் செல்வத்தை ஈந்து அந்த வெற்று மண்டபத்துக்கு உயிரூட்டினார். 1602-இல் நூலகம் மறுபடியும் திறக்கப்பட்டது. ஹம்ப்ரியின் நூல்களுள் காலப்போக்கில் அங்கே திரும்பி வந்து சேர்ந்தவை மூன்றே மூன்று என்பர். கட்டடம் மீண்டது, நூல்கள் மீளவில்லை.

போட்லியின் பெயர் தாங்கிய அந்நூலகத்திற்கு இருபதாம் நூற்றாண்டில் இடம் போதாமல், 1940-இல் புதிய கட்டடம் ஒன்று கட்டி முடிக்கப்பட்டது. போர் முடிந்தபின் 1946-இல் முறைப்படித் திறந்துவைக்க வந்த மன்னர் ஆறாம் ஜார்ஜின் கையில், வெள்ளிச் சாவி பூட்டிலேயே முறிந்துவிட்டதாம்! அக்கட்டடமும் நாளடைவில் தீப்பாதுகாப்பும் ஏற்ற தட்பவெப்பமும் குன்றியதாயிற்று. 2011-இல் அதை மூடிச் சீரமைக்கத் தொடங்கினர். ஆனால் இம்முறை மூடுமுன்பே, 2010-இல், ஸ்விண்டன் நகருக்கருகே பெரிய நூற்கிடங்கு ஆயத்தமாயிருந்தது. கேட்ட நூல் அங்கிருந்து வண்டியில் ஆக்ஸ்போர்டுக்கு வந்தது. அரிய ஏடுகளைப் படிப்போருக்கு வேறொரு நூலகத்தில் தற்காலிக அறை ஒதுக்கப்பட்டது. 2015 மார்ச்சில் வெஸ்டன் நூலகம் என்னும் புதுப்பெயருடன் அக்கட்டடம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. பக்கத்துக் கிணற்றில் முன்கூட்டியே சொல்லி வைத்த செயல் இது.

இத்தகைய மூடல் நம் திருச்சபையின் மாபெரும் நூலகத்திற்கும் நேர்ந்தது. திருத்தந்தை ஐந்தாம் நிக்கோலாஸ் வித்திட, நான்காம் சிக்ஸ்துஸ் 1475-இல் முறைப்படி நிறுவிய வத்திக்கான் நூலகம், 2007 ஜூலையில் மூன்றாண்டுகளுக்கு மூடப்பட்டது. பதினாறாம் நூற்றாண்டுக் கட்டடத்தின் ஒரு பகுதியை வலுப்படுத்த வேண்டியிருந்தது. செய்தி முன்னரே அறிவிக்கப்பட்டதால், கடைசி வாரங்களில் அறிஞர்கள் படிப்பறையில் நெருக்கியடித்து அமர்ந்து குறிப்பெடுத்தனர். முறையீடுகளும் எழாமலில்லை; மூன்றாண்டு என்பது ஓர் ஆய்வேட்டின் ஆயுளன்றோ! ஆயினும் மூடிய காலத்திலும் ஏடுகளின் நிழற்படிகளைக் கேட்டுப் பெற வழியிருந்தது. சொன்ன காலத்தில், 2010 செப்டம்பர் 20 அன்று, கதவு மீண்டும் திறந்தது.

அக்கதவுக்குப் பின்னால் தமிழருக்கும் ஒரு சொத்து உண்டு. கொங்கு நாட்டுச் சத்தியமங்கலம் வரை பரந்திருந்த மதுரை மறைப்பணித்தளத்தில் உழைத்து 1666-இல் மறைந்த இயேசு சபைத் துறவி அந்தாம் தெ புரோயென்சா, 16,000-க்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்ட தமிழ்–போர்த்துக்கீசிய அகராதியைத் தொகுத்தார். அவர் மறைந்தபின் 1679-இல் கேரளத்து அம்பழக்காட்டில் அது அச்சேறியது. பின்னர் அந்நூல் தமிழகத்தின் கண்ணுக்கு எட்டாமலே போயிற்று. ஈழம் தந்த தமிழறிஞர் அருள்தந்தை சேவியர் தனிநாயகம் அடிகளார் 1950-களில் அதன் படியொன்றை வத்திக்கான் நூலகத்தில் கண்டார். கண்டதோடு அமையாமல் 1966-இல் கோலாலம்பூரிலிருந்து அதனை உருமாறாப் பதிப்பாக வெளியிட்டார். ஆதலால் 2007-இல் உரோமையில் கதவு மூடப்பட்டபோதும் அந்த அகராதி தமிழருக்கு மூடப்படவில்லை. படியெடுத்தல் என்பதும் ஒரு பக்கத்துக் கிணறே.

படியெடுக்கப்படாத நூல்களுக்கு நேர்வது என்ன என்பதற்கு யாழ்ப்பாணம் சான்று. அரங்கநாதனின் ஆலோசனையும், புனித பத்திரிசியார் கல்லூரி அதிபராயிருந்த லாங் அடிகளாரின் ஊக்கமும் பெற்று எழுந்த அந்தப் பொது நூலகம் 1981-இல் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறெங்கும் படியில்லாத ஓலைச்சுவடிகளும் அவற்றுள் இருந்தன. சீரமைப்புக்கான மூடலையும் இக்கொடுமையையும் ஒரே தராசில் வைத்தல் தகாது. எனினும் பின்னர் கட்டடம் அழகுற எழுந்தும் அவ்வோலைகள் திரும்பவில்லை என்பது நமக்கு ஓர் எச்சரிக்கை.

நம் கொங்கு நாட்டிலும் கல்லூரிகளும் பள்ளிகளும் பங்குகளும் தத்தம் நூலகங்களைப் புதுப்பிக்கும் காலம் வரும், வரவும் வேண்டும். அப்போது பொறியாளரின் வரைபடத்தை விரிக்குமுன் மூன்று வினாக்களுக்கு விடை எழுதி வாயிலில் ஒட்டுவோமா? நூல்கள் எங்கே வைக்கப்படும்? அவற்றைக் கேட்போருக்கு எவர், எவ்வாறு கொடுப்பர்? எந்த நாளில் கதவு திறக்கும்? ‘தற்காலிகமாக’ என்னும் சொல்லுக்கு அருகே ஒரு தேதி இல்லையேல், அச்சொல் வாக்குறுதி ஆகாது. ஒரேயொரு படியாக உள்ள மலர்களையும் பதிவேடுகளையும் இடம் மாற்றுமுன் படியெடுத்தலும் நம் கடமையே.

தூர் வாரிய கிணற்றில் ஊறும் நீர் தெளிந்தே இருக்கும். ஆனால் அதுவரை தாகத்தோடிருப்பவரைக் காத்திருக்கச் சொல்லும்போது, இன்னும் எத்தனை நாள் என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும்.