வசந்த பஞ்சமியும் வங்காளத்தின் எழுத்துத் தொடக்கமும்

மாக மாதத்து வளர்பிறை ஐந்தாம் நாள் வடஇந்தியாவில் வசந்த பஞ்சமி எனப்படுகிறது. வங்காளத்தில் அந்நாள் சரஸ்வதி பூசை நாளாகும். கலைமகள் வழிபாட்டை நவராத்திரியின் முடிவில் காணும் தமிழர்க்கு, இத்தெய்வத்திற்கு இளவேனில் தொடக்கத்தில் விழா எடுப்பது புதுமையாகத் தோன்றலாம். 'சாரதா' என்னும் பெயர் 'சரத்' என்னும் கூதிர்ப் பருவப் பெயரடியாகப் பிறந்தது என்பதையும் இங்கு நினைத்தல் தகும். ஆயின் வங்காளத்தில் கூதிர்ப் பருவம் துர்க்கைக்கு உரியதாகிவிட்டது. அங்குச் சரஸ்வதி தாயுடன் வரும் மகளாகத் துர்க்கையின் அருகில் நிற்கிறாள். தனக்கென ஒரு நாளை மாக மாதத்திலேயே பெறுகிறாள்.

இந்நாளுக்கு 'ஸ்ரீ பஞ்சமி' என்னும் பெயரும் உண்டு. 'ஸ்ரீ' என்பது திருமகளைக் குறிக்கும் சொல். 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வங்காள ஸ்மிருதி அறிஞர் ரகுநந்தனர் தம் 'திதிதத்துவ'த்தில் எடுத்துக்காட்டும் விதி இச்சிக்கலை ஒருவாறு விளக்குகிறது. அவ்விதியின்படி அன்று வழிபடப்பட வேண்டியவள் இலக்குமி. உடன் வழிபடப்பட வேண்டியவை மைக்கூடும் எழுதுகோலும். வழிபட்டபின் அன்று எழுதலாகாது. முற்பகலில் சாரஸ்வத விழா நடத்த வேண்டும். திருமகளின் நாளிலே கலைமகளின் விழா குடிபுகுந்திருப்பதை இவ்விதி தெளிவாகக் காட்டுகிறது. பெயர் பழைய உரிமையாளரிடமே தங்கிவிட, பயன் புதியவளைச் சேர்ந்தது. சொல்வரலாற்றில் இது அரிய நிகழ்ச்சி அன்று.

இவ்விதியில் கவனிக்கத்தக்கது மற்றொன்றும் உண்டு. வழிபாட்டுக்குரிய பொருள்களாக மைக்கூடும் எழுதுகோலும் கூறப்படுகின்றன. வேத இலக்கியத்தில் சரஸ்வதி முதலில் ஓர் ஆறு; பிராமண நூல்களில் அவள் வாக்கோடு ஒன்றாக்கப்பட்டாள். வாக்கு என்பது பேச்சு. நாவாலும் செவியாலும் காக்கப்படுவது. வேதம் எழுதா மறையாகவே கற்பிக்கப்பட்டது. அத்தகைய மரபில் தோன்றிய தெய்வம் கையில் ஏடு ஏந்தத் தொடங்கியது எப்போது என்பது பண்பாட்டு வரலாற்றின் முக்கியமான வினா. கிடைத்துள்ள பழஞ்சிற்பங்களுள் ஒன்று மதுராவில் கங்காளி டீலா என்னும் சமண மேட்டில் அகழ்ந்தெடுக்கப்பட்டு, லக்னோ அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில் பொறிக்கப்பட்ட ஆண்டு 54. குஷாணர் கணக்கில் இதனைக் கி.பி. 132 எனக் கொள்வர். தலை சிதைந்துபோன அச்சிற்பத்தின் இடக்கையில் சுவடி இருக்கிறது. அதனை நிறுவியவன் சிஹன் என்பானின் மகனாகிய கோவன் என்னும் கொல்லன். ஏடேந்திய கலைமகளின் பழைய வடிவம் சமணக் கோயிலில், இரும்புத் தொழிலாளி ஒருவன் கொடையாகத் தோன்றியது என்பது, கல்வி ஒரு வகுப்பாரின் உடைமை என்னும் கருத்தைச் சற்றே அசைக்கிறது.

எழுத்தறிவித்தற் சடங்கும் பழைய கிருகிய சூத்திரங்களில் இடம்பெறவில்லை. அவை அறிந்தது உபநயனமே. குடுமி வைத்தபின் இளவரசன் எழுத்தும் எண்ணும் கற்க வேண்டும் என்று அர்த்தசாத்திரம் கூறும். ஆனால் அதனைச் சடங்காகக் கூறவில்லை. வித்தியாரம்பம் எனத் தனிச்சடங்கு பிற்காலத் தொகுப்பு நூல்களிலேயே விரிவாகப் பேசப்படுகிறது. எழுத்து வாழ்வில் இன்றியமையாததான பின்னரே அதற்குரிய சடங்கும் பிறந்தது எனலாம்.

வங்காளத்தில் அச்சடங்கின் பெயர் 'ஹாதேகொரி'. 'ஹாதே' என்றால் கையில். 'கொரி' என்றால் சுண்ணக்கட்டி. ஒடிசாவிலும் சுண்ணக்கட்டியைத் தொடுதல் எனப் பொருள்படும் பெயரே இச்சடங்கிற்கு வழங்குகிறது. 'வித்தியாரம்பம்' என்பது கல்வியின் பெயரால் அமைந்த சொல். 'ஹாதேகொரி' கையின் பெயரால் அமைந்தது. எழுத்தைக் கண்டறிவதன்று, கையால் இயற்றுவதே தொடக்கம் என்னும் எண்ணம் இச்சொல்லில் பொதிந்துள்ளது. இன்று வங்க மொழியில் ஒருவர் அரசியலிலோ நடிப்பிலோ முதன்முதல் ஈடுபடுவதையும் இச்சொல்லாலேயே குறிப்பர். தமிழில் 'பிள்ளையார் சுழி போடுதல்' அடைந்த பொருள் விரிவோடு இது ஒப்புநோக்கத்தக்கது. இரண்டிலும் எழுதும் கையின் முதலசைவே எல்லாத் தொடக்கத்திற்கும் உவமையாகிறது.

1830களில் வங்காளத்துப் பள்ளிகளை ஆராய்ந்த வில்லியம் ஆடம், இராஜசாகி மாவட்டத்தின் நாட்டோர்ப் பகுதியைப் பற்றிய தம் அறிக்கையில் எழுத்துப் பயிற்சியின் படிகளை விளக்குகிறார். முதற் பத்து நாள் மூங்கிற் குச்சியால் தரையில் எழுதுதல், அடுத்து இரண்டரை முதல் நான்கு ஆண்டு வரை பனையோலை, பின் வாழையிலை, இறுதியில் தாள். பனையோலையில் ஆசிரியர் இரும்பு எழுத்தாணியால் எழுத்தைக் கீற, மாணவன் நாணற் பேனாவாலும் கரி மையாலும் அதன்மேல் திரும்பத் திரும்ப எழுதுவான். மை அழியும், கீறல் அழியாது. பூசை நாளில் தெய்வத்தின்முன் இன்றும் வைக்கப்படும் நாணற் பேனாவும் பால் நிரப்பிய மைக்கூடும் இப்பள்ளிகளின் எச்சங்களே. பயன்பாட்டிலிருந்து மறைந்த கருவிகள் சடங்கில் நெடுங்காலம் வாழ்வது இயல்பு.

அன்று மாணவர் நூலைத் தொடுவதில்லை. நூல்கள் தேவியின் காலடியில் இருக்கும். இது ரகுநந்தனர் எடுத்துக்காட்டிய விதியின் தொடர்ச்சி. பூசைக்கு முன் இலந்தைப்பழம் உண்ணலாகாது என்னும் வழக்கு அவ்வளவு பழைமையானதாகத் தோன்றவில்லை. ஆயினும் தேர்வை அஞ்சும் மாணவர் அதனை எல்லா விதிகளினும் மிகுதியாகப் போற்றுவர். பலாச மலரும் மஞ்சள் ஆடையும் பருவத்தின் அடையாளங்கள்.

சுண்ணக்கட்டி பிடித்த பிள்ளை எழுதியது எவ்வெழுத்து? நாட்டின் பல பகுதிகளில் நெடுங்கணக்கு 'சித்தம்' என்னும் மங்கலச் சொல்லோடு தொடங்கியது. ஆறு வயதுப் பிள்ளைகள் 49 எழுத்துகள் கொண்ட சித்தம் என்னும் தொடக்க நூலை ஆறு மாதத்தில் முடிப்பர் என 7ஆம் நூற்றாண்டின் இறுதியில் சீனப் பயணி இத்சிங் குறிக்கிறார். தெலுங்கின் 'ஓனமாலு', தமிழ்த் திண்ணைப் பள்ளிகளின் 'அரி நமோத்து சிந்தம்' ஆகியன இம்மரபின் திரிபுகள். வங்காளத்தில் இந்நெடுங்கணக்கைச் சீர்செய்தவர் ஈசுவரசந்திர வித்யாசாகர். 1855இல் வெளிவந்த 'வர்ணபரிச்சய'த்தில் அவர், வங்க மொழியில் வழங்காத நெட்டுயிர்கள் இரண்டை நீக்கினார்; அனுசுவரம், விசர்க்கம் இரண்டையும் உயிர்வரிசையிலிருந்து மெய்வரிசைக்கு மாற்றினார்; 16 ஆக இருந்த உயிர்கள் 12 ஆயின. வடமொழிப் புலமையில் ஊறிய ஒருவரே, தெய்வ நாளில் எழுதப்படும் எழுத்துகளை மக்கள் மொழியின் அளவுக்குக் கொணர்ந்தார்.

கல்விக்குத் தெய்வம் பெண். ஆனால் எழுதக் கற்ற பெண் விரைவில் கைம்பெண் ஆவாள் என்னும் அச்சம் அக்காலத்தில் நிலவியதாக ஆடம் பதிவு செய்கிறார். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்த இராசசுந்தரி தேவி, சைதன்ய பாகவதத்தின் ஓர் ஏட்டைச் சமையலறையில் ஒளித்துவைத்து, தம் மூத்த மகன் பழகிய பனையோலையோடு ஒப்பிட்டு எழுத்துகளை அறிந்தார். படிக்கக் கற்றபின்னும் நெடுங்காலம் அவர் எழுதவில்லை. ஏடு, பேனா, மை எல்லாம் கூட்டி மறைவாக எழுத இயலாது என்பதே காரணம். மகன் எழுதும் மடல்களுக்கு ஏன் விடை இல்லை என்று அவன் வினவிய பிறகே அவர் எழுதுகோலை எடுத்தார். வங்க மொழியின் முதல் தன்வரலாறு எனக் கருதப்படும் 'ஆமார் ஜீபன்' அக்கையால் எழுதப்பட்டது. கண்ணால் களவாகக் கற்கலாம். கைக்கு ஒருவர் இசைவு வேண்டும். 'ஹாதேகொரி' என்னும் சடங்கு ஆண்மக்களுக்கு வெளிப்படையாக வழங்கியது அந்த இசைவையே.

1849இல் பெத்யூன் கல்கத்தாவில் பெண்பள்ளி தொடங்கியபோது, தம் புதல்வியர் புவனமாலா, குந்தமாலா இருவரையும் அங்கு அனுப்பியவர் மதன்மோகன் தர்க்காலங்காரர். அவர்கள் படிக்கத் தக்க நூல் இன்மையால் 'சிசுசிக்ஷா'வையும் அவரே எழுதினார்.