அறையும் ஒரு வாத்தியமே!

உங்கள் வீட்டு ஸ்டீரியோவுடன் புதிதாக ஒரு சப்-ஊஃபரை இணைக்கிறீர்கள். சுமார் 20 முதல் 100 ஹெர்ட்ஸ் வரையுள்ள மிகத் தாழ்ந்த சுருதிகளை மட்டும் எழுப்பும் ஒலிபெருக்கி அது. சுவரோரம் நின்றால் காதை அடைக்கும் முழக்கம்; அறையின் நடுவே நாற்காலியில் அமர்ந்தாலோ, சில சுருதிகளையே காணோம்! கருவி பழுதோ, இன்னும் பெரியதை வாங்க வேண்டுமோ என்று நினைப்பீர்கள். அவசரப்பட வேண்டாம். குற்றம் பெரும்பாலும் கருவியில் இல்லை, அறையில் இருக்கிறது. இதை விளக்கும் கணக்கு, ஒலிபெருக்கி வீட்டுக்குள் நுழைவதற்கு வெகுகாலம் முன்பே எழுதப்பட்டுவிட்டது.

1872-இல், பின்னாளில் ரேலே பிரபு எனப் பெயர் பெற்ற ஆங்கில இயற்பியலறிஞர், நோயிலிருந்து உடல் தேறுவதற்காக எகிப்து சென்றார். நைல் நதியில் படகுப் பயணம் செய்துகொண்டே 'ஒலியியல் கோட்பாடு' என்ற நூலை எழுதத் தொடங்கினார். அதன் இரு பகுதிகள் 1877, 1878-ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன.

செவ்வக அறையில் அடைபட்ட காற்றும் வீணைத் தந்தியைப் போல அதிரக் கூடியதே. அதற்கென்று தனி அதிர்வெண்கள் உண்டு என அந்நூல் காட்டியது. கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்கிறது. உங்கள் அறையின் நீளம் 5 மீட்டர் எனில், ஒலி போய்த் திரும்ப 10 மீட்டர். 340-ஐ 10-ஆல் வகுத்தால் 34. அதாவது, 34 ஹெர்ட்ஸ் சுருதி எழும்போது அறையில் ஒரு நிலையலை உருவாகிறது. எதிரெதிர்ச் சுவர்களின் அருகே அழுத்தம் மிகுதியாக ஏறி இறங்கும். நடுவில் ஏறக்குறைய மாறாது. நாற்காலியில் சுருதி மறைந்த மர்மம் இதுதான்! அறை சதுரமாக இருந்தால் தொல்லை இரட்டிப்பாகும். நீளமும் அகலமும் ஒரே அதிர்வெண்ணைத் தூண்டும் அல்லவா?

திரையும் மெத்தையும் போட்டால் தீராதா? 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஒரு விரிவுரைக் கூடத்தில் பேச்சு முழங்கிக் குழம்பியது. இளம் பேராசிரியர் வாலஸ் சாபின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து பரப்பி, முழக்கம் குறைவதை அளந்தார். ஆனால் அவர் முக்கியமாகப் பயன்படுத்தியது 512 ஹெர்ட்ஸ் ஒலி. அதன் அலைநீளம் 66 சென்டிமீட்டர். நம் 34 ஹெர்ட்ஸுக்கோ அலைநீளம் 10 மீட்டர்! மெல்லிய மெத்தை அதைத் தடுக்காது.

1925-இல் ரைஸ், கெல்லாக் என்ற அமெரிக்கர் இருவர் நவீன ஒலிபெருக்கியின் அமைப்பை வெளியிட்டனர். 1954-இல் எட்கர் வில்ச்சர், மூடிய பெட்டிக்குள் இருக்கும் காற்றையே வில்சுருளாகப் பயன்படுத்தி, சிறு பெட்டியிலிருந்தும் ஆழ்ந்த சுருதியைப் பிறப்பித்தார். தாழ்சுருதி சிறிய அறைகளுக்குள் வந்தது. ரேலேயின் நிலையலைகளும் விழித்துக்கொண்டன.

பரிகாரம் என்ன? 2002-இல் டாட் வெல்டி என்ற பொறியாளர், செவ்வக அறைகளில் பல சப்-ஊஃபர்களை எங்கெங்கு வைப்பது என்று ஆராய்ந்து முடிவுகளை வெளியிட்டார். எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் ஒவ்வொன்று வைப்பது நல்ல பயன் தந்தது. காரணம் எளிது. முதல் நிலையலையில் ஒரு முனையில் அழுத்தம் ஏறும்போது மறுமுனையில் இறங்க வேண்டும். இரு முனைகளிலும் ஒருசேரத் தள்ளினால் அது எப்படி எழும்?

ஒன்றுதான் இருக்கிறதா? மீண்டும் ரேலேயிடம் செல்வோம். ஒலி பிறக்கும் இடத்தையும் கேட்கும் இடத்தையும் ஒன்றுக்கொன்று மாற்றினாலும் விளைவு மாறாது என்பது அவர் நூலில் விளக்கப்பட்ட ஒரு விதி. எனவே சப்-ஊஃபரை உங்கள் நாற்காலியில் வைத்து, தாழ்சுருதி நிறைந்த ஒரு பாட்டை ஒலிக்க விடுங்கள். காதைத் தரையருகே தாழ்த்திச் சுவரோரமாக நகருங்கள். எல்லாச் சுருதிகளும் சீராகக் கேட்கும் இடம் எதுவோ, அங்கே கருவியை வைத்துவிட்டு நாற்காலியில் அமருங்கள்.

எல்லா அறையும் இதனால் முற்றும் சீராகிவிடாது. ஆயினும் வேறுபாட்டைக் காது சொல்லும். பணப்பையைத் திறக்குமுன் பெட்டியை நகர்த்திப் பாருங்கள்!